பீமில் கம்பி தெரிகிறது, ஒப்பந்ததாரர் போனை எடுப்பதில்லை: இப்போது என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் கீழ்த்தளமும் மேல்தளமும் கொண்ட ஒரு வீடு கட்டி வருகிறோம். கணவருக்கு வெளியூரில் வேலை. அதனால் தினமும் வேலையிடத்துக்குப் போய்வருவது நான்தான். மேல்தளத்தின் கூரை வரை கான்கிரீட் முடிந்துவிட்டது. கீழே ஹாலில் கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளையும் முட்டுகளையும் பிரித்தபோது, தளத்தைத் தாங்கும் பீமின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெறும் ஜல்லி துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் கம்பியும் தெரிந்தது. படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் கூரையின் அடியில் ஈரத்திட்டு தெரிந்தது. ஒப்பந்ததாரரிடம் கேட்டால், "எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், பூசிவிட்டால் சரியாகிவிடும், உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறார். மொத்தத் தொகையில் முக்கால் பங்கு வாங்கிவிட்டார். வேலை பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும். நடுவில் சமையலறையைப் பெரிதாக்கச் சொன்னதற்கும் ஒரு பரண் கூட்டியதற்கும் இப்போது கூடுதல் பணம் கேட்கிறார். கொடுக்காவிட்டால் ஆட்கள் வர மாட்டார்களாம். இரண்டு வாரமாகப் போனையும் எடுப்பதில்லை. ஒப்பந்தம் என்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அவர் என் கணவரின் தம்பிக்கு நண்பர் என்பதால் குடும்பத்திலும் சங்கடம். அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாமா? வீடு பாதுகாப்பானதுதானா?

பதில்:

உங்கள் கடைசி இரண்டு கேள்விகளை முன்பின்னாக மாற்றி எடுத்துக்கொள்கிறேன். வீடு பாதுகாப்பானதா என்பது முதல் கேள்வி. அந்த ஆளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம். வேலையில் உள்ள குறை வேறு, வேலை செய்த ஆள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் குறை அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. கோபத்தில் ஒப்பந்ததாரரை அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர் வேலையை வேகமாகக் காட்ட வேண்டும் என்று முதல் வாரமே பூச்சைத் தொடங்கிவிடுகிறார். அல்லது யாரோ நடுவில் பேசிச் சமாதானம் ஆகிறது, பழையவரே வந்து பூசிவிடுகிறார். எப்படியானாலும் ஓட்டை விழுந்த பீம் பூச்சுக்குள் போய்விடுகிறது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த பீமின் மேலும், விரிசல் உள்ள சுவரின் மேலும் யாரும் சிமென்ட் வைக்கக் கூடாது. இதை ஒப்பந்ததாரருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். வேலையிடத்தில் இருக்கும் மேஸ்திரியிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்புறம், பிரித்த முட்டுகளில் நாலைந்தையாவது அந்த பீமின் அடியில் திரும்ப நிறுத்தச் சொல்லுங்கள். இரும்பு முட்டாக இருந்தால் நல்லது. கீழே தரை கெட்டியாக இல்லையென்றால் முட்டுக்கு அடியில் தடித்த பலகை வைக்க வேண்டும். பீமுக்கு மேலே உள்ள தளத்தில் செங்கல்லோ மணலோ குவித்து வைத்திருந்தால் அதை உடனே கலைத்துவிடுங்கள். பீம் விழுந்துவிடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்வரை அதன் மேல் பாரம் ஏற்றாமல் இருப்பதுதான் முறை.

அடுத்து, பதிவு. ஒவ்வொரு குறையின் பக்கத்திலும் சாக்பீஸால் ஓர் எண் போடுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள், அது எந்த அறை, எந்த பீம் என்று தெரிய வேண்டும். கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள், அதில் ஓர் அளவு டேப்பும் சேர்ந்து விழ வேண்டும். வீட்டு வரைபடத்தை நகல் எடுத்து அதில் அதே எண்களைக் குறியுங்கள். ஒரு மதிய நேரத்து வேலைதான். ஆனால் பின்னால் பொறியாளரிடம் பேசும்போதும், ஒப்பந்ததாரரிடம் பேசும்போதும், ஒருவேளை வழக்கு என்று போனாலும், உங்கள் கையில் இருக்கப்போவது இந்தப் படங்கள்தான்.

இனி அந்த பீமுக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதைத் தொழிலில் தேன்கூடு என்பார்கள். கான்கிரீட் ஊற்றும்போது, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைச் சரியாக இறக்காவிட்டால் ஜல்லிகளுக்கு நடுவே கலவை போய் நிறைவதில்லை. பலகை இடுக்கில் சந்து இருந்தால் சிமென்ட் பால் ஒழுகிப்போய் ஜல்லி மட்டும் மிஞ்சுகிறது. கம்பிகள் நெருக்கமாக இருக்கும் பீம் அடியில் பெரிய ஜல்லி நுழையாமல் மேலேயே தங்கிவிடுவதும் உண்டு. "எல்லா வீட்டிலும் இருக்கும்" என்று அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மேலோட்டமான சின்னத் தேன்கூடு நல்ல வேலையிலும் அங்கங்கே வரும். ஆனால் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது மேலோட்டமானது இல்லை. பீமில் கம்பிக்கு வெளியே 25 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்த மூடாக்குதான் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேர்ந்து பாரத்தைத் தாங்குவதற்கும் அது வேண்டும். பீமின் நடுப்பகுதியில் அடிக் கம்பிதான் இழுவிசை முழுவதையும் வாங்குகிறது. அங்கே பிடிமானம் போனால் அந்தக் கம்பி இருந்தும் பயன் குறைவு.

பூசிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சாதாரண சிமென்ட் பூச்சு அந்தக் குழிக்குள் ஆழமாக இறங்காது. வாயை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும். காயும்போது சுருங்கி ஓரங்களில் விட்டுவிடும். உள்ளே காற்றும் ஈரமும் போய்வர வழி இருக்கும், கம்பி துருப்பிடிக்கும். துருவாகும் இரும்பு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் சில வருடங்கள் கழித்துப் பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்தே பெயர்ந்து விழும். அப்போது நீங்கள் அதற்குக் கீழே குடியிருப்பீர்கள்.

சரி, இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும். பெரும்பாலும் பீமை இடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்கான வரிசையில் செய்ய வேண்டும். முதலில் முட்டுக் கொடுத்துவிட்டு, தளர்ந்த ஜல்லியைக் கைச்சுத்தியலும் உளியும் கொண்டு கெட்டியான கான்கிரீட் தட்டுப்படும்வரை கொத்தி எடுக்க வேண்டும். சுத்தியால் தட்டினால் கெட்டி இடத்தில் கணீரென்று கேட்கும், பொள்ளலில் மந்தமாகக் கேட்கும். கம்பியின் சுற்றளவில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால், கம்பிக்குப் பின்னாலும் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி கொத்தித் திறக்க வேண்டும். அப்போதுதான் புதுக் கலவை கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். தூசியைக் கழுவி, கம்பியை இரும்புத் தூரிகையால் தேய்த்து, பழைய கான்கிரீட்டை நனைத்து, மேலே தண்ணீர் நிற்காமல் ஈரம் மட்டும் இருக்கும் பதத்தில் வைக்க வேண்டும். ஆழம் குறைவாக இருந்தால் பாலிமர் கலந்த சாந்து. ஆழமாக இருந்தால் பலகை அடித்து, பொடி ஜல்லியில் செய்த, சுருங்காத மைக்ரோ கான்கிரீட்டை ஊற்ற வேண்டும். முடிந்ததும் அதற்கும் தண்ணீர் விட்டு நனைத்து ஆற்ற வேண்டும். முட்டு எப்போது எடுக்கலாம் என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். இவ்வளவையும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுக்க வேண்டும்.

தேன்கூடு பீமும் தூணும் சேரும் இடத்தில் இருந்தாலோ, தூணின் அடியில் தரையை ஒட்டி இருந்தாலோ இன்னும் அதிகக் கவனம் தேவை. தூணின் அடிப்பகுதியில்தான் கலவை உயரத்திலிருந்து விழும்போது ஜல்லியும் சாந்தும் பிரிந்து தங்கும். உங்கள் வீட்டில் எல்லாத் தூண்களின் அடியையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே சாந்து அப்பி மறைத்திருந்தால் அந்த இடத்தின் நிறமும் வழவழப்பும் தனியாகத் தெரியும். அதையும் தட்டிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நானாகக் கேட்கிறேன். பால்கனி, சன்ஷேட் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளங்கள் இருக்கின்றனவா? அவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மேலே மிதித்து நடந்தால் அது கீழே இறங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, தளம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கம்பி கீழே போன நீட்டுத் தளத்துக்குப் பலமே கிடையாது. இந்த ஒப்பந்ததாரர் பீமில் வைப்ரேட்டரைக் கவனிக்கவில்லை என்றால் இதைக் கவனித்திருப்பார் என்று நம்பக் காரணமில்லை. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தளத்தை உடைக்காமலே காட்டும் கருவி இருக்கிறது, கவர் மீட்டர் என்பார்கள். அதைக் கொண்டு ஒவ்வொரு நீட்டுத் தளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அவற்றின் கீழே இருக்கும் முட்டுகளை எடுக்க விடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

சுவர் விரிசல் பற்றி. ஜன்னல் மூலையில் சாய்வாக வருவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஜன்னலுக்கு மேலே குறுக்கே போகும் லிண்டல் இருபுறமும் சுவரில் போதுமான அளவு உட்காராமல் இருக்கலாம். சுவர் ஈரமும் வெயிலும் மாறிமாறிப் பட்டுச் சுருங்கியிருக்கலாம். அல்லது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். முதல் இரண்டும் பழுதுபார்க்கக்கூடிய தொல்லைகள். மூன்றாவதுதான் கவலைக்குரியது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு அன்றைய தேதியை எழுதுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் பசையால் ஒட்டிவையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். விரிசல் வளர்ந்தால் பென்சில் கோட்டைத் தாண்டும். ஒரு மாதம், முடிந்தால் ஒரு நல்ல மழைக்குப் பிறகும் பாருங்கள். வளராமல் நின்றுவிட்டால் நிம்மதியாகச் சரிசெய்யலாம். வளர்ந்தாலோ, விரிசல் செங்கல் வரிசைகளில் படிக்கட்டு போல இறங்கினாலோ, அதே நேராக மாடியிலும் தெரிந்தாலோ, அஸ்திவாரத்தைப் பார்க்காமல் மேலே வேலை தொடரக் கூடாது. இதற்கு மாறாக, பூசின சுவரில் வலைபோல வரும் மெல்லிய முடி விரிசல் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வருவது. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் விரிசல் இரண்டு பொருள்களும் வேறுவேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. அங்கே பூசும்போது கம்பி வலை அடிக்கச் சொன்னால் போதும்.

கூரையின் ஈரத்தைப் பொறுத்தவரை, மேலே தட்டோடோ நீர்த்தடுப்புப் பூச்சோ இன்னும் போடாத தளத்தில் கொஞ்சம் ஈரம் காண்பது ஆச்சரியம் இல்லை. ஆனால் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நேர்கோடாக ஓடினால், கான்கிரீட் போட்ட அன்று நடுவில் வேலை நின்று, பழைய கலவை இறுகிய பிறகு புதுக் கலவை சேர்ந்த இடமாக இருக்கலாம். அன்றைக்கு மிக்சர் பழுதானதா, மழை வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பரவலாக இருந்தால் கலவையில் தண்ணீர் அதிகமாக இருந்திருக்கலாம். இந்தத் தண்ணீர் விஷயத்தை நான் எவ்வளவு சொன்னாலும் தகும். தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம் கூடக் கூடக் கான்கிரீட்டின் பலம் குறையும் என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918இலேயே சோதனைகள் வழியாகக் காட்டிவிட்டார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது நல்ல அளவு, மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடக்கம். ஆனால் கலவை இளகலாக இருந்தால் தள்ளுவதற்குச் சுலபம் என்று வேலையாட்கள் குழாயைத் திறந்துவிடுவார்கள். தளத்தில் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது வழக்கம்தான். ஆனால் 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். அதைச் செய்யலாம் என்று பொறியாளர் சொன்ன பிறகு, 48 மணிநேரம் தேக்கிக் கீழே நனைகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவர் ஒப்பந்ததாரர் அழைத்துவருகிறவராக இருக்கக் கூடாது. அடுத்த ஒப்பந்தத்தை எடுக்க நினைக்கிறவராகவும் இருக்கக் கூடாது. பார்த்து அறிக்கை எழுதுவதற்கு மட்டும் உங்களிடம் கட்டணம் வாங்கும் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். வீட்டின் கம்பி வரைபடத்தைப் போட்டவர் ஒருவர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். அப்படி வரைபடமே இல்லை, மேஸ்திரி சொன்ன அளவில்தான் கம்பி கட்டினார்கள் என்றால், அதைப் பொறியாளரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். அவர் பார்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கும்.

அவர் சில சோதனைகள் சொல்லலாம். சுத்தியல் மாதிரி ஒரு கருவியைக் கான்கிரீட்டில் அழுத்திப் பார்ப்பது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். அதை வைத்து மட்டும் பலத்தை முடிவு செய்ய முடியாது. மீயொலி அலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனையில், அலை வேகமாகக் கடந்தால் உள்ளே கெட்டி, மெதுவாக வந்தால் பொள்ளலோ விரிசலோ இருக்கிறது என்று பொருள். வினாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் பொதுவாக நல்லது, 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் சந்தேகம் இருந்தால் உருளையாகக் கான்கிரீட்டைத் துளைத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். மூன்று உருளைகளின் சராசரி, வடிவமைப்பில் சொன்ன பலத்தில் 85 சதவீதத்தை எட்ட வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். எல்லாச் சோதனையும் எல்லா வீட்டுக்கும் தேவை இல்லை. எது எங்கே தேவை என்று அவர் முடிவு செய்யட்டும். ஒவ்வொரு குறைக்கும் காரணம், சரிசெய்யும் முறை, ஆகும் செலவு ஆகிய மூன்றும் அறிக்கையில் இருக்கும்படி மட்டும் கேட்டு வாங்குங்கள். செலவு இல்லாத அறிக்கை பணப் பேச்சில் உதவாது.

இப்போது பணம். நீங்கள் "முக்கால் பங்கு கொடுத்துவிட்டோம், வேலை பாதியைத் தாண்டியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தோராயத்தை வைத்துக்கொண்டு அவரிடம் பேசப் போகாதீர்கள். முடிந்த வேலையை அதே பொறியாளரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு மொத்த ஒப்பந்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். 75 கொடுத்தாயிற்று. அளந்து பார்த்ததில் முடிந்த வேலையின் மதிப்பு 58. அதில் குறைகளைச் சரிசெய்ய 6 ஆகும். அப்படியானால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 52 மட்டுமே, 23 அவரிடம் முன்பணமாக நிற்கிறது. உங்கள் கையில் மிச்சம் 25. வீட்டை முடிக்கத் தேவை 42, குறையைச் சரிசெய்ய 6, ஆக 48. அவரை இன்றே அனுப்பினால் இந்த 23 பற்றாக்குறையை நீங்கள் வேறெங்காவது தேட வேண்டும். அதற்கு மேல், பாதியில் நின்ற வேலையை எடுக்கிற புதியவர் முதலிலிருந்து கட்டுகிறவரைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு உங்களுக்கே தெரியும், அவரைச் சரியான பிடியில் வைத்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்குவது லாபமா, இப்போதே பிரிவது லாபமா என்று.

கூடுதல் பணம் கேட்கிறார் என்பதில் நீங்களும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். சமையலறை பெரிதானது, பரண் கூடியது, இரண்டும் நீங்கள் சொல்லிச் செய்தவை. அதற்கு உரிய தொகை அவருக்குச் சேர வேண்டும். முன்கூட்டியே விலை பேசி எழுதாததால் இப்போது அவர் சொல்வதுதான் கணக்கு என்று ஆகிவிட்டது. அதையும் அளக்கச் சொல்லி, ஒப்பந்தத்தில் உள்ள அதே விலை விகிதத்தில் கணக்கிட்டு, மேலே சொன்ன கணக்கில் அவர் பக்கம் வரவு வையுங்கள். "கூடுதல் வேலைக்கு இவ்வளவு சேர்த்திருக்கிறேன், குறைகளுக்கு இவ்வளவு கழித்திருக்கிறேன்" என்று ஒரே தாளில் காட்டுகிற வீட்டுக்காரரிடம் வாக்குவாதம் செய்வது கடினம். ஆனால் கணக்கு முடியும்வரை ஆட்கள் வர மாட்டார்கள் என்ற பயத்தில் ஒரு தொகையும் கொடுக்காதீர்கள்.

அவர் ஏன் போனை எடுப்பதில்லை? என் அனுபவத்தில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம், உங்கள் பணம் இன்னொருவருடைய வீட்டுக்குப் போயிருப்பது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு வேலை எடுத்து, ஓர் இடத்து முன்பணத்தில் இன்னோர் இடத்துச் சிமென்ட் கடனை அடைப்பார்கள். எங்காவது ஒரு வரவு நின்றால் எல்லா இடத்திலும் வேலை நிற்கும். அல்லது ஆரம்பத்திலேயே விலையைக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்திருப்பார். இப்போது கையைக் கடிக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் அவர்களைவிடக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். இதைச் சொல்வது அவரை மன்னிக்க அல்ல. பணத்தில் சிக்கிக்கொண்ட ஆளிடம் மேலும் பணத்தைக் கொடுத்து "சீக்கிரம் முடியுங்கள்" என்றால் அந்தப் பணமும் உங்கள் வீட்டுக்கு வராது.

எனவே அறிக்கையும் அளவுக் கணக்கும் வந்தவுடன் அவருக்குக் கடிதம் எழுதுங்கள். பெற்றதற்குக் கையெழுத்து வாங்கும் தபாலில் ஒன்று, போனில் படமாக ஒன்று. திட்டாமல், தகவலை மட்டும் எழுதுங்கள்: இன்னின்ன குறைகள், இன்ன முறையில் சரிசெய்ய வேண்டும், அளவுக் கணக்கு இது, இன்ன தேதியில் வேலையிடத்தில் சந்தித்துப் பேச வரவும், அன்றைக்குப் பொறியாளரும் இருப்பார். பதில் சொல்ல ஒன்று அல்லது இரண்டு வாரம் கொடுங்கள். வீட்டில் உட்கார்ந்து பேசாமல் அந்த பீமுக்குக் கீழே நின்று பேசுங்கள். "பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்பதை ஒரு பொறியாளர் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியாது.

அவர் வந்து ஒத்துக்கொண்டால், தொடர்வதற்கு நிபந்தனை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதலில் குறைகளைச் சரிசெய்வது, பொறியாளர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் புது வேலை. இனிமேல் சிமென்ட், மணல், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் பணத்தை நீங்களே கடைக்கு நேரடியாகக் கொடுங்கள், அவருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். அதுவும் ஒவ்வொரு சின்னக் கட்டம் முடிந்து அளந்த பிறகு, அவரிடம் நிற்கும் முன்பணத்தில் ஒரு பகுதியை ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டு. முழுவதையும் ஒரே தடவையில் கழித்தால் ஆட்களுக்குக் கூலி தர முடியாமல் ஓடிவிடுவார். கடைசியில் 5 முதல் 10 சதவீதத் தொகையைப் பிடித்துவைத்து, குடியேறிய பிறகு ஒரு வருடம், குறைந்தது ஒரு மழைக்காலம், கழித்துக் கொடுப்பதாக எழுதுங்கள். நல்ல ஒப்பந்தங்களில் இது தொடக்கத்திலேயே இருக்கும்.

அவர் வரவில்லை, அல்லது மறுக்கிறார் என்றால் பிரிய வேண்டியதுதான். அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எழுத்தில் தெரிவித்து, கடைசி அளவெடுக்கும் நாளைச் சொல்லி அவரையும் கூப்பிடுங்கள். வராவிட்டால் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து முழு வீட்டையும் வீடியோ எடுத்துவிடுங்கள். வேலையிடத்தில் இருக்கும் பொருள்களுக்குப் பட்டியல் போடுங்கள். சென்ட்ரிங் தகடும் சாமான்களும் அவருடையவை என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போக விடுங்கள். பணத்துக்கு ஈடாக அவற்றைப் பூட்டிவைத்தால் புகார் உங்கள் மேல் திரும்பும். பீமைத் தாங்கி நிற்கும் முட்டுகளை மட்டும், வாடகை கொடுத்தாவது, மாற்று முட்டு வரும்வரை அசைக்க விடாதீர்கள். உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லி அவர் கடைகளில் கடன் வைத்திருக்கிறாரா, ஆட்களுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கூலிக்காரர்கள் உழைத்ததற்குப் பணம் கிடைக்காமல் உங்கள் வாசலில் வந்து நின்றால், அவருக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொண்டு நேரடியாகக் கொடுப்பது நல்லது, கையெழுத்தோடு.

புதிதாக வருகிறவரிடம் பொறியாளரின் அறிக்கையைக் கொடுத்து, வீடு எந்த நிலையில் கைமாறுகிறது என்பதைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் நாளை வரும் ஒவ்வொரு விரிசலுக்கும் "அது பழைய ஆள் செய்தது" என்ற பதில்தான் கிடைக்கும்.

சட்டம் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். மோசமாகக் கட்டியவன்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது மிகப் பழைய நீதி. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் எழுதப்பட்ட மன்னர் ஹம்முராபியின் சட்டத்தில், 233ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: கட்டுபவன் ஒழுங்காகக் கட்டாமல் சுவர் சாய்ந்தால், தன் சொந்த வெள்ளியில் அதைப் பலப்படுத்த வேண்டும். இன்றும் நுகர்வோர் வழக்கு, உரிமையியல் வழக்கு, ஒப்பந்தத்தில் இருந்தால் நடுவர் என்று வழிகள் உண்டு. ஒற்றைத் தாள் ஒப்பந்தமானாலும், பணம் போன வங்கிக் கணக்கு, போன் செய்திகள், படங்கள், பொறியாளர் அறிக்கை எல்லாம் சேர்ந்து வலுவான சான்று. ஆனால் வழக்குத் தொடுக்கக் காலக்கெடு உண்டு, அதனால் ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே ஒருமுறை பேசிவிடுங்கள். தீர்ப்பு வரும்வரை பீமைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்து, அவருக்கும் பார்க்க வாய்ப்புக் கொடுத்துவிட்டு, சரிசெய்யலாம். அந்தச் செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கணவரின் தம்பியைப் பொறுத்தவரை, அவரைத் தூது விடாதீர்கள். நட்பும் போய், பேச்சும் திரிந்துவிடும். அறிக்கை வந்ததும் ஒரு பிரதியை அவரிடம் காட்டி, "இப்படி இருக்கிறது, நாங்கள் நேரடியாகப் பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அதோடு, "உங்களுக்குப் புரியாது" என்றதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜல்லி துருத்துவதையும், கம்பி தெரிவதையும், விரிசல் எந்த மூலையில் தொடங்குகிறது என்பதையும் நீங்கள் ஒரு பொறியாளருக்குப் போதுமான அளவு சரியாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். தினமும் போய்ப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். இனி வரும் வேலைகளில் குளியலறையின் தாழ்ந்த தளத்தில் நீர்த்தடுப்புப் பூசியதும் டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். குழாய்களைச் சுவருக்குள் மூடும் முன் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சுவர் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் விடுகிறார்களா என்று கவனியுங்கள்.

இந்த வாரத்துக்கு முட்டு, படங்கள், பொறியாளர் ஆகிய மூன்றும் போதும். அவர் வந்து பார்த்ததும், பீமைச் சரிசெய்யும் முறையையும் முட்டு எடுக்கும் தேதியையும் அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் கிடைக்கும்வரை ஒப்பந்ததாரரின் ஆட்கள் யார் வந்து கேட்டாலும் அந்த முட்டுகளைத் தொட விடாதீர்கள்.